அப்பா சொன்னார் என்றால் செல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க அரசு வேலைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 'போதைப் பழக்கம் இருந்தவர்களுக்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) கிடைக்காது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இதையே நம்பித்தான் நானும் என் மகனைப் பொய் எழுத வைத்தேன்.

அவன் இங்கே வர்ஜீனியாவில் பிறந்து வளர்ந்தவன். கல்லூரியில் நண்பர்களோடு நாலைந்து முறை கஞ்சா புகைத்திருக்கிறான். பாதுகாப்புத் துறை சார்ந்த வேலை ஒன்றுக்காக, கிளியரன்ஸ் கேட்பவர்கள் தங்களைப் பற்றி எழுதித் தரும் எஸ்.எஃப். 86 படிவத்தை நிரப்பும்போது என்னிடம் வந்து சொன்னான். கடந்த 7 ஆண்டுகளில் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா என்று அதில் 23-ஆம் பகுதி கேட்கிறது. "இல்லைன்னு போட்டுடுப்பா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். போட்டுவிட்டான்.

விசாரணை அதிகாரிகள் பழைய அறைத்தோழர்களையும் அக்கம்பக்கத்தாரையும் தேடிப்போய்ப் பேசுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தப் படிவத்தில் தெரிந்தே பொய் சொன்னால் 5 ஆண்டு வரை சிறை. ஆனால் உண்மையைச் சொன்னால் அந்தப் பதிலைக் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று அதே 23-ஆம் பகுதியில் எழுதியிருக்கிறார்கள். அதை நான் படிக்கவே இல்லை.

கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவு செய்ய 2017 ஜூன் முதல் நடப்பில் உள்ள வழிகாட்டு நெறிகளில் 13 தலைப்புகள் உண்டு. போதைப்பொருள் ஒரு தலைப்பு. ஒருவருடைய நடத்தையும் நேர்மையும் இன்னொரு தலைப்பு. முதலாவதில், எப்போதோ நடந்தது, அரிதாக நடந்தது, இனித் தொடமாட்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது எல்லாமே சாதகம்தான். பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானித்துவிடாது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநராக இருந்த அவ்ரில் ஹெய்ன்ஸும் தெளிவுபடுத்தினார். மறைத்தால்தான் இரண்டாவது தலைப்பும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஒளித்து வைத்ததைக் காட்டி மிரட்டி, நாளைக்கு யாராவது அரசு ரகசியத்தைக் கறந்துவிட்டால்? அந்தப் பயம் நியாயமானது என்றே இப்போது நினைக்கிறேன்.

மகன் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. அப்புறம் நேர்காணலில் அதிகாரி கேட்பதற்கு முன்பே, தானாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பிடிபடுவதற்குள் நல்லெண்ணத்தோடு திருத்திக்கொள்பவரை அந்த நெறிகள் கருணையோடு பார்க்கின்றன. வழக்கறிஞர் தவறாக வழிகாட்டி அதனால் மறைத்திருந்தால், அதற்கும் இடம் உண்டு. அப்பா சொன்னார் என்பதற்கு இல்லை. முடிவு வர 11 மாதம் ஆனது. கிளியரன்ஸ் கிடைத்தது. அந்த 11 மாதமும் அவன் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது.

மற்ற பெற்றோருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவில் 21 வயதானவர்கள் கொஞ்சம் கஞ்சா வைத்திருப்பது 2021 ஜூலை முதல் குற்றமில்லை. ஆனால் படிவம் மாநிலச் சட்டத்தைப் பார்ப்பதில்லை, மத்தியச் சட்டத்தைத்தான் பார்க்கிறது. பரீட்சை நேரத்தில் கண் விழிக்க நண்பனிடம் வாங்கிப் போட்ட ஆடரால் (கவனக்குறைவுக் கோளாறுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து) மாத்திரையையும் எழுதியாக வேண்டும். அதைப் பிள்ளைகள் போதைப்பொருளாகவே நினைப்பதில்லை. இப்போதும் பழக்கத்தை விடாதவருக்கு மட்டும் கிளியரன்ஸ் தரவே கூடாது என்று சட்டம் இருக்கிறது.

அந்த ஒரு வரியை அடுத்த இதழில் தயவுசெய்து திருத்திப் போடுங்கள். இந்தக் கடிதத்தை மகனிடம் படித்துக் காட்டி, அவன் சம்மதம் வாங்கிய பிறகே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வடக்கு வர்ஜீனியா