லிங்கன் பூங்கா உலாவுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

வாஷிங்டன் லிங்கன் பூங்காவில் நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்திய சிலை உலா நல்லபடியாக முடிந்தது. உதவியவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்லவே இந்த மடல்.

முதல் நன்றி, பூங்காவை அடுத்துக் குடியிருக்கும் கறுப்பினப் பெரியம்மாவுக்கு. பெயர் வேண்டாம் என்றுவிட்டார். அமெரிக்காவில் கறுப்பின அடிமைகள் விடுதலை பெற்றதன் நினைவாக 1876-இல் திறக்கப்பட்ட விடுதலைச் சிலையின் கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அடிமைத்தளையிலிருந்து மீண்ட சார்லட் ஸ்காட் என்ற பெண் கொடுத்த 5 டாலர்தான் முதல் நிதி. பின்னர் பணம் தந்தவர்களும் விடுதலை பெற்றவர்களே. கறுப்பினப் படைவீரர்களும் அவர்களில் உண்டு. சிலையின் வடிவத்தை முடிவு செய்ததோ வெள்ளையர் நடத்திய நிவாரணக் குழு. லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார்; விலங்கு அறுந்தவர் அவர் காலடியில் மண்டியிட்டிருக்கிறார். “பணம் கொடுத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?” என்றார் பெரியம்மா. பிள்ளைகளிடம் சத்தமே இல்லை.

ஒரு சிறுவன் மட்டும் புல்லில் அதேபோல் மண்டியிட்டுப் பார்த்து, “எழுந்துவிடலாம் அத்தை, ஆனால் கழுத்து வலிக்கிறது” என்றான். அந்தச் சிலையைப் பற்றி நான் படித்த விமர்சனங்களில் பாதி அதில் அடங்கிவிட்டது! அவனை அழைத்து வந்த பெற்றோருக்குத் தனி நன்றி.

எட்மோனியா லூயிஸ் 1867-இல் ரோமில் செதுக்கிய ‘என்றும் சுதந்திரம்’ சிற்பத்தின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தந்த நண்பர் காசு வாங்க மறுத்துவிட்டார். கறுப்பினத் தந்தைக்கும் ஓஜிப்வே பழங்குடித் தாய்க்கும் பிறந்த கலைஞர் லூயிஸ். அவருடைய பளிங்கில் ஆண் எழுந்து நின்று, அறுந்த சங்கிலியோடு கையை உயர்த்துகிறான். “பெண் இங்கேயும் மண்டிதானே போட்டிருக்கிறாள்?” என்று பெண் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்லத் திணறிய என்னை, பூங்காவின் மறுபக்கம் திரும்பச் சொல்லிக் காப்பாற்றியவர் நம் பள்ளி ஆசிரியை. அங்கே 1974 முதல் மேரி மெக்லியோட் பெத்யூன் நிற்கிறார்: அடிமைகளாக இருந்த பெற்றோரின் மகள், கல்வியாளர். ஒரு கையில் ஊன்றுகோல். மறு கை இரண்டு குழந்தைகளிடம் ஓர் ஏட்டை நீட்டுகிறது. அவரை எதிர்கொள்ளும்படி லிங்கன் சிலையையே அந்த ஆண்டு திருப்பி வைத்தார்கள். 1876-இல் லிங்கன் சிலையின் திறப்பு விழாவில் பேசிய கறுப்பினத் தலைவர் பிரெடரிக் டக்ளஸ், அடுத்த சில நாட்களிலேயே, சொந்தக் காலில் நிற்கும் கறுப்பினத்தவரின் சிலையைக் காண விரும்புவதாகவும், பூங்காவில் இன்னொன்றுக்கு இடமிருக்கிறது என்றும் பத்திரிகைக்கு எழுதியிருந்தார்.

எலுமிச்சைச் சாதம் கட்டி வந்த அக்காமாருக்கும், வேன் ஓட்டிய தம்பிக்கும் நன்றி. அச்சுப் படம் என் வீட்டில்தான் இருக்கிறது. வகுப்புக்கு வேண்டுமென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உலா ஒருங்கிணைப்பாளர்