மாவுக் கம்பெனி கொடுத்த கால் மணி நேரம்

பாளையங்கோட்டை

அன்புள்ள சேவியர்,

உன் கடிதமும் பேத்தியின் படமும் போன வாரம் கிடைத்தன. அசப்பில் உன் அம்மாவேதான். அந்த நெற்றியைப் பார்த்ததும் செல்வி, "பெரியம்மா திரும்பி வந்துவிட்டார்கள்" என்றாள். அவளுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாள். எனக்கு முட்டிவலி விட்டபாடில்லை, ஆனாலும் காலை நடையை நிறுத்தவில்லை. மழை இந்த முறை பரவாயில்லை. ஆற்றில் தண்ணீர் போகிறது.

சரி, உன் கேள்விகளுக்கு வருகிறேன். மகள் வீட்டிலிருந்து, அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரத்துக்குப் போகும் வழியில், பிரென்ட்வுட் பக்கம், நடுவில் பருத்து மேலும் கீழும் கூராக ஒரு இரும்புக் கோபுரம் நிற்கிறது, அது என்னவென்று கேட்டிருந்தாய். அது டபிள்யூ.எஸ்.எம். வானொலியின் கோபுரம். 1932-இல் நிறுத்தியது. ஐம்பதாயிரம் வாட், 650 கிலோஹெர்ட்ஸ். இருட்டியபின் எத்தனையோ மாநிலங்களைத் தாண்டிக் கேட்கும். கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கிராமியப் பாட்டு மேடை நிகழ்ச்சி 1925 முதல் இந்த நிலையத்தில்தான் நடந்து வருகிறது. நீ போய்ப் பார்த்த ரைமன் அரங்கம் 1943 முதல் 1974 வரை அதற்கு வீடாக இருந்தது. "கோயில் பெஞ்சும் வண்ணக் கண்ணாடியும் தவிர ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். கிறிஸ்தவக் கோயிலாகக் கட்டிய இடம்தானே அது! ஆனால் அங்கே பார்ப்பதற்கு இருப்பதைவிடக் கேட்பதற்கு இருப்பது அதிகம். அதற்கு ஒலிப்பதிவுகளிடம்தான் போக வேண்டும்.

அதையும் கேட்டுவிட்டாய். இதே பாட்டுகள் ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிந்து கிடைக்கும்போது, இரைச்சலோடு கிடக்கும் பழைய வானொலிப் பதிவுகளை ஏன் இப்படித் தேடித் தேடிக் கேட்கிறேன் என்று. நியாயமான கேள்விதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு அமெரிக்கக் கிராமியப் பாட்டு (கன்ட்ரி) என்றாலே முதலில் ஜிம் ரீவ்ஸ்தானே. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் அவர் குரல் வந்தால் உங்கள் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிடுவார். கிறிஸ்துமஸ் வந்தால் உங்கள் தெருவில் பாதி வீடுகளில் அவர்தான். அந்த ஜிம் ரீவ்ஸ் பாடகராகப் பெயர் எடுக்கும் முன்பு வானொலி அறிவிப்பாளர். லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட் நகரத்தில் கே.டபிள்யூ.கே.ஹெச். என்ற நிலையத்தில் வேலை பார்த்தார். அந்த நிலையம் 1948 முதல் சனிக்கிழமை இரவுகளில் 'லூசியானா ஹேரைட்' என்று ஒரு மேடை நிகழ்ச்சியை நேரடியாக ஒலிபரப்பியது. புகழ்பெற்ற கிராமியப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் அங்கே பாடித்தான் ஓப்ரிக்குப் போனார். 1954 அக்டோபர் 16 அன்று பத்தொன்பது வயது எல்விஸ் பிரெஸ்லி அதே மேடையில் ஏறினார். இரண்டு வாரத்துக்கு முன்புதான் ரைமன் அரங்கத்தில் ஓப்ரியில் பாடியிருந்தார், பெரிதாக ஒன்றும் எடுபடவில்லை.

அந்த ஹேரைட் இரவின் பதிவு இன்றும் இருக்கிறது. அறிவிப்பாளர் ஃபிராங்க் பேஜ், இந்தப் புதுப் பாணி எப்படி வந்தது என்று கேட்கிறார். எல்விஸ் மரியாதையாக, ஐயா போட்டு, உண்மையைச் சொன்னால் தற்செயலாகத் தடுக்கி விழுந்ததுதான் என்கிறார். குரலில் லேசான படபடப்பு. பிறகு பாட்டு. கூட்டம் கைதட்டுகிறது, அவ்வளவுதான். அலறல் இல்லை, மயக்கம் போட்டு விழுதல் இல்லை. இவர் யாராகப் போகிறார் என்று அந்த அரங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இதை எந்த இசைத்தட்டில் கேட்க முடியும்? ஸ்டுடியோவில் தேறியதை மட்டும்தான் வெளியே விடுவார்கள். வானொலியில் அன்றைய நாள் அப்படியே மாட்டிக்கொள்ளும்.

என்னைக் கேட்டால் இந்த வகைப் பதிவுகளிலேயே தலையாயது ஹாங்க் வில்லியம்ஸின் மாவு நிகழ்ச்சிதான். 1951-இல் 'மதர்ஸ் பெஸ்ட்' என்ற மாவுக் கம்பெனிக்காக, டபிள்யூ.எஸ்.எம்.மில் காலை ஏழே காலுக்குக் கால் மணி நேரம் பாடுவார். ஆனால் வாரத்தில் பாதி நாள் வெளியூர்க் கச்சேரி. அதனால் ஊரில் இருக்கும் நேரத்தில் பல நாள் நிகழ்ச்சிகளைச் சேர்த்துப் பாடி, பதினாறு அங்குலத் தட்டுகளில் பதிந்து வைத்துவிடுவார்கள். அவர் எங்கோ காரில் போய்க்கொண்டிருக்கும்போது இங்கே தட்டு ஓடும், கேட்பவர் நேரடி என்றே நினைத்துக்கொள்வார்.

அந்தத் தட்டு எப்படித் தயாராகும் தெரியுமா? அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு. பாடகர் பாடப் பாட ஊசி அந்தப் பூச்சில் பள்ளம் வெட்டிக்கொண்டே போகும். வெட்டுப்பட்ட அரக்கு மெல்லிய இழையாகச் சுருண்டு எழும். அது ஊசியின் வழியில் சிக்கினால் பதிவு போச்சு. ஆகவே பல நிலையங்களில் தட்டை உள்ளிருந்து வெளியே வெட்டுவார்கள். இழை நடுப்பக்கம் ஒதுங்கிவிடும், ஒருவர் பக்கத்தில் நின்று தூரிகையால் தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். அழித்து மறுபடி பதிய வழியே கிடையாது. இருமினாலும் வரி மறந்தாலும் அது அப்படியே பள்ளமாக நின்றுவிடும்.

அதனால்தான் ஹாங்க் அதில் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறார். அறிவிப்பாளர் லூயி பக்கோடு கேலி பேசுவார், மாவை வாங்கச் சொல்வார், மனைவி ஆட்ரியைப் பாட விடுவார் (அந்த அம்மாவுக்குச் சுருதி நிற்காது, ஆனாலும் நான் அதைத் தாண்டிப் போவதில்லை), ஜெர்ரி ரிவர்ஸின் ஃபிடிலுக்கு இடம் விடுவார், முடிவில் பெரும்பாலும் ஒரு கிறிஸ்தவ ஞானப்பாட்டு. அந்த ஞானப்பாட்டுகளைத்தான் நீ கேட்க வேண்டும், சேவியர். பக்கத்தில் வாத்தியக்காரர்கள் சேர்ந்து பாடும்போது ஒருவர் குரலில் ஒருவர் சாய்ந்துகொண்டு போகிறார்கள். 'ஆன் டாப் ஆஃப் ஓல்ட் ஸ்மோக்கி' மாதிரி, அவர் இசைத்தட்டாக வெளியிடாத பாட்டுகளும் நிறைய. முதுகுத்தண்டில் பிறவிக் கோளாறு, குடி, வீட்டில் சண்டை என்று அந்த வருடம் அவருக்கு நல்ல வருடமே இல்லை. 1953 ஜனவரி 1 அன்று, இருபத்தொன்பது வயதில், கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டில் போய்விட்டார். ஆனால் இந்தக் காலை நிகழ்ச்சிகளில் அவர் வேலைக்கு வந்த மனிதராக, நேரத்துக்கு வந்து, சிரித்துப் பேசிப் பாடிவிட்டுப் போகிறார். அவரைப் பற்றிச் சொல்லப்படும் சோகக் கதைகளுக்கெல்லாம் மேலாக நான் இதை நம்புகிறேன்.

இவ்வளவும் குப்பைக்குப் போயிருக்க வேண்டியது. நிலையம் இடம் மாறியபோது பழைய தட்டுகளை வெளியே எறிந்துவிட்டார்கள். ஓப்ரியின் புகைப்படக்காரர் லெஸ் லெவரெட் அவற்றைக் கண்டு எடுத்து வைத்துக்கொண்டார். படம் எடுப்பது மட்டும்தான் அவர் வேலை. தட்டுகளைக் காப்பாற்றச் சொல்லி ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. எழுபதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் அப்படித்தான் பிழைத்தன. அப்புறம் உரிமை யாருக்கு என்று வழக்கு. இசைத்தட்டுக் கம்பெனி ஒரு பக்கம், தட்டுகளை விலைக்கு வாங்கியவர்கள் ஒரு பக்கம். ஹாங்கின் மகனுக்கும் மகள் ஜெட் வில்லியம்ஸுக்கும்தான் உரிமை என்று டென்னசி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் சொன்னது. 2008-இல் முதல் தொகுப்பு வந்தது. ஐம்பத்தேழு வருடம் கழித்து!

மாவு என்றதும் இன்னொன்று. அந்தக் காலத்துத் தென் மாநிலங்களில் பாட்டுக்குப் படியளந்தது பெரும்பாலும் மாவு வியாபாரம்தான். வீட்டுக்கு வீடு தினமும் மாவு பிசைந்து சுடுவார்கள், மூட்டையாக வாங்குவார்கள், அவர்களை எட்ட வானொலியை விட்டால் வேறு வழியில்லை. அர்கன்ஸாவில் ஹெலினா என்ற ஆற்றங்கரை ஊரில் 1941-இல் 'கிங் பிஸ்கட்' மாவுக்காக ஒரு நண்பகல் நிகழ்ச்சி தொடங்கியது. ஹார்மோனிகா வாசிக்கும் சன்னி பாய் வில்லியம்சனும் கிட்டார் வாசிக்கும் ராபர்ட் லாக்வுட்டும். பருத்திக் காட்டில் வேலை செய்கிற கறுப்பின மக்கள் சாப்பாட்டு இடைவேளையில் கேட்பார்கள். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங்கும் அப்படிக் கேட்டு வளர்ந்தவர்தான். வில்லியம்சனின் படத்தைச் சோளமாவுப் பையிலேயே அச்சடித்தார்கள். ஆனால் அந்த நாற்பதுகளின் நண்பகல்கள் பெரும்பாலும் காற்றோடு போய்விட்டன. 1965-இல், வில்லியம்சன் இறப்பதற்குச் சற்று முன்பு, கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் என்ற இசை ஆர்வலர் அங்கே போய் ஒரு ஒலிபரப்பைப் பதிந்துகொண்டார். அதைக் கேட்கும்போது கிடைத்ததை எண்ணிச் சந்தோஷமும், போனதை எண்ணிக் கோபமும் எனக்கு ஒன்றாகவே வரும்.

லண்டனிலும் இதே கதைதான். இசைக்கலைஞர் சங்கத்தோடு இருந்த ஒப்பந்தப்படி பி.பி.சி. ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் இசைத்தட்டு போடலாம். மீதி நேரத்துக்கு ஆட்களைக் கூப்பிட்டுப் பாட வைக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டின் புண்ணியத்தில் பீட்டில்ஸ் 1962-க்கும் 1965-க்கும் இடையில் 88 பாட்டுகளை 275 முறை வானொலிக்குப் பாடினார்கள். அவற்றில் 36 பாட்டுகள், அவர்கள் சேர்ந்திருந்த காலத்தில் இசைத்தட்டாக வரவே இல்லை. பி.பி.சி. நாடாக்களில் பெரும்பகுதியைப் பாதுகாக்கவில்லை. வீட்டில் பதிந்து வைத்திருந்த நேயர்களிடமிருந்தும் தேடி எடுத்துத்தான் 1994-இல் தொகுப்பு வந்தது. லெட் செப்பலின் என்ற ராக் குழு 1969-இல் பி.பி.சி. உலகச் சேவைக்கு வாசித்த ஒரு நிகழ்ச்சியின் நாடாவும் அழிக்கப்பட்டது. யாரோ ஒரு ரசிகர் வானொலியிலிருந்து பதிந்த பிரதிதான் 2016-இல் வெளியானது. ஒலி மங்கல்தான். அந்த மங்கலைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

உன் மருமகனுக்கு ராக் பிடிக்கும் என்று எழுதியிருந்தாயே, அவரோடு உட்கார்ந்து இதைக் கேள். 1971 ஆகஸ்ட் 26, நியூயார்க்கில் ஏ அண்ட் ஆர் ஸ்டுடியோ. ஆல்மன் பிரதர்ஸ் குழு கொஞ்சம் பேர் கூடியிருந்த இடத்தில் வாசிக்க, டபிள்யூ.பி.எல்.ஜே. பண்பலை நேரடியாக ஒலிபரப்புகிறது. அதற்கு இரண்டு வாரத்துக்குள்தான் சாக்ஸபோன் கலைஞர் கிங் கர்ட்டிஸைக் குத்திக் கொன்றிருந்தார்கள். பாடகி அரீதா ஃபிராங்க்ளினின் 'ரெஸ்பெக்ட்' பாட்டில் நடுவே வரும் சாக்ஸபோன் அவருடையது. குழுவின் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மனுக்கு நெருங்கிய நண்பர். நீண்ட பாட்டின் நடுவே டுவேன் நிறுத்தி, கர்ட்டிஸைப் பற்றி, அவர் இறுதிச் சடங்கைப் பற்றிப் பேசுகிறார். பேச்சு எளிமையானது, ஒரு இளைஞன் தன் நண்பனைப் பற்றிப் பேசுவது. பிறகு கர்ட்டிஸின் 'சோல் செரனேட்' மெட்டைக் கிட்டாரில் எடுக்கிறார். சாக்ஸபோன் மூச்சு விடுகிற இடங்களில் கிட்டாரும் மூச்சு விடுகிறது. அவசரமே இல்லை. குழுவும் பின்னால் அடங்கி நிற்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் வந்த அவர்களுடைய ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கக் கச்சேரித் தொகுப்பைத்தான் எல்லோரும் உச்சம் என்பார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் டுவேன் என்ற ஆளைச் சந்திக்க வேண்டுமென்றால் இந்த வானொலிப் பதிவுக்குத்தான் வர வேண்டும். அக்டோபர் 29 அன்று மோட்டார் சைக்கிள் விபத்தில் அவரும் போய்விட்டார். வயது இருபத்து நான்கு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இப்போது 'பண்பலை ஒலிபரப்பு' என்று அட்டையில் போட்டு எவரெவரோ தட்டுகள் விற்கிறார்கள். சட்டத்தின் சந்துகளில் புகுந்து வருபவை பல. பாடியவருக்கோ குடும்பத்துக்கோ காசு போகாது. எங்கிருந்து பதிந்தது, யார் வாசித்தது என்ற விவரம்கூடச் சரியாக இருக்காது. குடும்பமோ குழுவோ தாங்களே வெளியிட்டது இருந்தால் அதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. காலையில் எழுந்து வந்து பாடியவனுக்குரிய கூலி அது.

உனக்கு இரண்டு வேலை வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு மகளின் காரில் ஏ.எம். 650-ஐத் திருப்பு, ஓப்ரி இன்னும் நேரடியாக வருகிறது. செயலியில் கேட்காதே, அலையில் கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று எழுது. இரண்டாவது, மதர்ஸ் பெஸ்ட் நிகழ்ச்சிகள் முழுவதும் 2010-இல் 15 குறுந்தட்டுகளாக, பழைய வானொலிப் பெட்டி மாதிரியே செய்த பெட்டியில் வந்தன. என்னிடம் முதலில் வந்த சின்னத் தொகுப்புதான் இருக்கிறது. அங்கே பழைய தட்டுக் கடைகளில் நியாயமான விலைக்குக் கண்ணில் பட்டால் வாங்கி வை. நீ தை மாதம் வரும்போது பணத்தை வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே? செல்வி தினமும் கேட்கிறாள், சீக்கிரம் பதில் போடு.

உன்,
கணேசன்