ஆயிரம் வாட் எதற்கு, பங்காளி?

காரைக்குடி,
மார்கழி மாதம்.

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் முந்தாநாள் வந்தது. பிள்ளையார் நோன்புக்கு நீயும் ஆச்சியும் வந்து இழை எடுப்பீர்கள் என்று வீட்டில் எல்லாரும் எதிர்பார்த்திருந்தோம். ஆச்சிக்குக் கால் வலி என்று எழுதியிருந்தாய். இப்போது தேவலையா? பயணத்தை அவசரப்படுத்த வேண்டாம். கானாடுகாத்தானுக்குப் போய் உன் வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இரண்டாம் கட்டில் ஓடு மாற்றி முடித்துவிட்டார்கள், மழைக்கு ஒழுகவில்லை. முகப்பில் பூச்சு பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசட்டுமா என்று கொத்தனார் கேட்டார். கூடாது, சுண்ணாம்புதான் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். சிமென்ட் போட்டால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பக்கத்துப் பூச்சும் உப்பி விழும்.

இனி நீ கேட்ட விஷயம். ஊரோடு வந்த பிறகு பட்டாலைக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க ஒரு ரிசீவர், அதாவது ரேடியோவும் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த பெட்டி, வேண்டும், மொத்தச் செலவு ஐம்பதாயிரத்துக்குள் அடங்க வேண்டும் என்கிறாய். சென்னையில் ஒரு கடையில் ஏழு சேனல் (ஏழு ஸ்பீக்கருக்குத் தனித்தனி ஒலி வழி) உள்ள ஹோம் தியேட்டர் ரிசீவரைக் காட்டி 'ஆயிரம் வாட்' என்றார்கள், தம்பி அமெரிக்காவிலிருந்து ஒன்று கொண்டுவருவதாகச் சொல்கிறான், எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம் என்பது என் தீர்மானமான எண்ணம். இடம், வலம் என்று இரண்டு சேனல் மட்டும் உள்ள சாதாரண ஸ்டீரியோ ரிசீவர் ஒன்றைப் புதிதாக இங்கேயே வாங்கு. பணத்தில் பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு வை.

அந்த ஆயிரம் வாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். ஏழு சேனலுக்கும் தனித்தனியாக ஓர் எண்ணைச் சொல்லி, அவற்றைக் கூட்டினால் ஆயிரம் வரும். அந்தத் தனி எண்ணை எப்படி எடுப்பார்கள் தெரியுமா? ஒரே ஒரு சேனலை மட்டும் ஓட்டி, 6 ஓம் சுமையில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒற்றை ஒலியை மட்டும் கொடுத்து, பத்து சதவீதம் வரை ஒலி சிதைந்தாலும் பரவாயில்லை என்று வைத்து அளப்பார்கள். பத்து சதவீதச் சிதைவோடு வீணையை யார் கேட்பது? இந்த மாதிரி ஊதிப் பெருக்கிய எண்களைக் கட்டுப்படுத்தத்தான் அமெரிக்காவில் 1974இல் ஆம்ப்ளிஃபயர் விளம்பரங்களுக்கென்றே அரசு விதி கொண்டுவந்தார்கள். ஆகவே எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் முன்பக்கத்து எண்ணை விட்டுவிட்டு, கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திற. இரண்டு சேனலும் ஒருசேர ஓடும்போது, 8 ஓமில், எத்தனை ஹெர்ட்ஸிலிருந்து எத்தனை ஹெர்ட்ஸ் வரை, எத்தனை சதவீதச் சிதைவில் எத்தனை வாட் என்று அங்கே இருக்கும். அதுதான் கணக்கு.

இன்னொன்று, வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் வித்தியாசம், ஒலியளவைச் சொல்லும் கணக்கில், 3 டெசிபல்தான். கூர்ந்து கேட்டால் கொஞ்சம் கூடியிருப்பது தெரியும், அவ்வளவே. காதுக்கு இரு மடங்காகப் படவேண்டும் என்றால் பத்து மடங்கு வாட் வேண்டும். அந்த 3 டெசிபலை வேறு வழியில் சும்மாவே பெறலாம். ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் உணர்திறன் என்று ஓர் எண் இருக்கிறது: ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. 86 என்று போட்ட ஸ்பீக்கருக்குப் பதில் 89 என்று போட்டதை எடுத்தால், உன் 50 வாட் ரிசீவர் 100 வாட்டின் வேலையைச் செய்யும். வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கேட்கும் அளவுக்கு ஒரு வாட் கூடச் செலவாகாது. மிருதங்கத்தில் பலமாக ஓர் அடி விழும் அந்தக் கணத்துக்கு மட்டும் இருபது, முப்பது வாட் தேவைப்படும். அதைத் தடுமாறாமல் கொடுத்தால் போதும்.

உன்னிடம் என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். அப்பச்சி பினாங்கிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டுகள், தொலைக்காட்சி, கைபேசி, பிறகு ரேடியோ. இவற்றில் ரிசீவரைத் தீர்மானிப்பது இசைத்தட்டுதான். காந்த வகை ஊசித்தலையிலிருந்து வரும் மின்சமிக்ஞை சில மில்லிவோல்ட் அளவுதான். சிடி பிளேயரோ இரண்டு வோல்ட் வரை கொடுக்கும். அதோடு, தட்டில் பதியும்போது கீழ் ஒலிகளைக் குறைத்து மேல் ஒலிகளைக் கூட்டித்தான் பதிவார்கள். 1954 முதல் இதற்கு ஒரே தர அளவு நடைமுறையில் இருக்கிறது. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இந்த இரண்டு வேலையையும் செய்வது 'ஃபோனோ' என்று எழுதியிருக்கும் துளைக்குப் பின்னால் உள்ள சுற்று. அது இல்லாத ரிசீவரில் நேரே செருகினால் பாட்டு எங்கோ தூரத்தில் ஈனமாகக் கேட்கும்.

பெயர் சொல்லச் சொன்னாய். குறைந்த விலை வரிசையில் யமஹா ஆர்-எஸ்202, சோனி எஸ்டிஆர்-டிஎச்190 இரண்டும் எனக்குத் தெரிந்தவை. யமஹாவில் 100 வாட் என்பதை 8 ஓமில், 40 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.2 சதவீதச் சிதைவில் என்று நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஃபோனோ கிடையாது, தனியாக ஒரு சிறு பெட்டி வாங்கிச் சேர்க்க வேண்டும். சோனியில் ஃபோனோ உள்ளேயே இருக்கிறது. இரண்டிலும் புளூடூத் உண்டு, பண்பலை உண்டு. இரண்டிலும் ஒளி வழியே ஒலியை வாங்கும் ஆப்டிகல் துளை இல்லை, அதனால் தொலைக்காட்சியிலிருந்து ஒலி எடுக்க ஆப்டிகலை அனலாகாக மாற்றும் சின்னக் கருவி ஒன்று வேண்டும். தொலைக்காட்சியின் அமைப்பில் ஒலியை 'பிசிஎம்' என்ற சாதாரண, சுருக்காத வடிவத்துக்கு மாற்றிவிடு. சோனி கடையில் இருந்தால் உனக்கு அதுவே பொருத்தம். இல்லாவிட்டால் யமஹாவையும் தனி ஃபோனோவையும் தயங்காமல் எடு.

ஒரு எச்சரிக்கை. அப்பச்சியின் பெட்டியில் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய தட்டுகளும் இருப்பதாக ஞாபகம். அவற்றின் பள்ளம் அகலமானது. பின்னால் வந்த எல்பி தட்டுக்கான ஊசி அதன் அடியில் உருண்டு உரசும். தட்டும் கெடும், ஊசியும் கெடும். அதற்கு நாலு மடங்கு தடித்த ஊசி தனியாகக் கிடைக்கும். அது வரும்வரை அந்தத் தட்டுகளைத் தொடாதே. அவை உடைந்தால் திரும்பக் கிடைக்காது.

தம்பியின் அன்பு பெரிது, ஆனால் அங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி ஒன்றைக் காலமெல்லாம் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது மறந்து சுவரில் நேரே செருகினால் அன்றோடு முடிந்தது. ரேடியோவிலும் தொல்லை இருக்கிறது. அங்கே மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கும், நம்மிடம் 9. நம் திருச்சி வானொலி 936. பத்துப் பத்தாகத் தாவும் கருவி 930க்குப் போகும், 940க்குப் போகும், 936இல் நிற்காது. சில கருவிகளில் இதை மாற்ற முடியும், எல்லாவற்றிலும் அல்ல. சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவந்தால் மின்சாரம் ஒத்துப்போகும், பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ஆனாலும் பழுதானால் இங்கே உத்தரவாதம் செல்லாது.

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய ரிசீவர் கிடைக்குமா என்றும் கேட்டிருந்தாய். கிடைக்கும். எழுபதுகளில் கடல் கடந்து வந்தவை, முன்பக்கம் முழுக்க அலுமினியம், திருகும்போதே கைக்குச் சுகமாக இருக்கும். எனக்கு அவற்றின் மேல் தீராத ஆசை உண்டு. ஆனால் ஐம்பது வருடத்தில் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் காய்ந்து போயிருக்கும். ஒலியளவை அடியோடு குறைத்த பிறகும் 'ம்ம்ம்' என்று இரைந்தால் அதுதான் காரணம். எல்லாவற்றையும் மாற்றத் தெரிந்த மெக்கானிக் அருகில் இருந்தால் வாங்கலாம். அன்றாடம் கேட்பதற்கு என்று நீ வாங்குவது புதிதாகவே இருக்கட்டும்.

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். உன் வீடு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி. முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பான சுவர் ஒளியைத் திருப்புவது போலவே ஒலியையும் திருப்பும். போன வாரம் உன் பட்டாலையின் நடுவில் நின்று கை தட்டிப் பார்த்தேன். சத்தம் உடனே அடங்கவில்லை, சுவருக்குச் சுவர் நெளிந்துகொண்டே போயிற்று. அந்த இடத்தில் ஸ்பீக்கரை வைத்தால், பாடகர் ஒரு சொல்லை முடிக்கும் முன்பே முந்தைய சொல் திரும்பி வந்து அதன்மேல் விழும். ஒரு லட்ச ரூபாய் ரிசீவர் வாங்கினாலும் இது மாறாது. ஆனால் தரை முழுக்க ஒரு தடித்த ஜமுக்காளம் விரித்து, எதிர்ச்சுவர் ஓரம் நாலு திண்டும் மெத்தையும் போட்டு, புத்தக அலமாரியை அங்கே நகர்த்திவிட்டால் நிச்சயம் மாறும். பரணில் மடித்துக் கிடக்கும் ஜமுக்காளங்களை உதறி எடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும், அதற்குக் காசும் இல்லை.

துணி மேல் ஒலியைத்தான் குடிக்கும், கீழ் ஒலியைத் தொடாது. வேறு வீடாக இருந்தால் அதனால் அறை முழுக்க 'தொம் தொம்' என்று இரையும். உன் வீட்டில் நடு முற்றமான வளவு வானம் பார்க்கத் திறந்திருப்பதால் கீழ் ஒலி அந்த வழியே வெளியே போய்விடும். ஆகவே நாலு அங்குல ஸ்பீக்கர் அங்கே மெலிந்து கேட்கும். ஆறரை அங்குலக் கூம்பு உள்ளதாகப் பார்த்து, பின்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, காது உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல் வை. மூலையில் வைக்காதே. இரண்டு ஸ்பீக்கரும் நீ உட்காரும் இடமும் சம முக்கோணமாக இருக்கட்டும். சரியாக அமைந்ததா என்று பார்க்க மிருதங்கத்தைவிட நல்ல சோதனை இல்லை. காரைக்குடி மணி வாசித்த ஏதாவது ஒரு கச்சேரியைப் போடு. வலது முகமான வலந்தலையின் கணீரும் இடது முகமான தொப்பியின் கும்காரமும் தனித்தனியாக, ஒன்றின்மேல் ஒன்று வழியாமல் கேட்க வேண்டும். 2023இல் அவர் போன பிறகு அந்தப் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம், இவ்வளவு நுணுக்கத்தையும் சரியான சத்தத்தில் கேட்க ஒரு கருவி எல்லா வீட்டிலும் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

திண்ணைக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் என்றாய். நான் சொன்ன ரிசீவர்களில் 'ஏ', 'பி' என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கருக்கு இடம் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் ஓட்டினால் ரிசீவருக்குச் சுமை கூடும். எத்தனை ஓம் வரை தாங்கும் என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு இணை. பட்டாலையிலிருந்து திண்ணைக்கு ஒயர் இருபது மீட்டராவது ஓடும். ஸ்பீக்கர் ஒயர் என்று மினுமினுப்பாக விற்பது தேவையில்லை, வீட்டு ஒயரிங்குக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே தாராளம்.

பண்பலைக்கு மாடியில் ஒரு ஆன்டெனா வைத்து மேற்கே திருப்பு. மதுரையும், 100.5இல் வரும் கோடை பண்பலையும் நமக்கு ஏறக்குறைய ஒரே திசைதான். இடி இடித்தால் மின் பிளக்கோடு ஆன்டெனா ஒயரையும் கழற்றிவிட வேண்டும், இதை ஆச்சியிடமும் சொல்லி வை. ரிசீவரைக் கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டாதே. மேலே ஒரு சாண் இடம் இல்லாவிட்டால் சூடு போக வழியிருக்காது.

தைப்பூசத்துக்குப் பழனி நடை கிளம்புவதற்குள் பல்லவன் ரயிலில் ஒரு நடை வந்து போக முடியுமா? ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொள்கிறேன். அதற்கு முன் அப்பச்சியின் ரெக்கார்டு பிளேயரில் ஊசித்தலை என்ன வகை என்று பார்த்து எழுது. காந்த வகையாக இல்லாமல் செராமிக் வகையாக இருந்தால் அதற்கு ஃபோனோவே வேண்டாம், சாதாரணத் துளையில் செருகலாம். அப்படியானால் யமஹாவையே வாங்கிவிடலாம். ஸ்பீக்கர் விலையை இங்கே இரண்டு கடையில் விசாரித்து வைக்கிறேன்.

ஆச்சியைக் கேட்டதாகச் சொல். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

அன்புடன்,
உன் பங்காளி