பாப்பாவுக்கு, அந்த 3.5 விஷயமா

பாப்பா,

ஞாயித்துக்கிழமை போன்ல, உன் ஆராய்ச்சில தேடுனது அங்க இல்லன்னு நீ சொன்னதும், "அப்ப அஞ்சு வருசமா ஒண்ணுமே இல்லையா"ன்னு நான் கேட்டது தப்புதான். நீ சரிப்பான்னு வச்சிட்ட. அம்மா அன்னைக்கி ராத்திரி எனக்கு தோசை ஊத்தல, மதியச் சோத்துல தண்ணிய ஊத்தி வச்சிட்டு போயிட்டா.

நீ சொன்னதுல நான் புரிஞ்சத சொல்றேன், தப்புன்னா திருத்து. பெர்சியஸ்னு ஒரு கேலக்ஸி கூட்டம், 24 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கு, கேலக்ஸிகளுக்கு நடுவுல கெடக்குற வாயு கோடிக்கணக்கான டிகிரி சூட்டுல எக்ஸ்ரேயா கொட்டுது, அதப் பிரிச்சுப் பாத்தா இரும்புக்கு ஒரு கோடு கந்தகத்துக்கு ஒரு கோடுன்னு தனித்தனியா தெரியும். 2014ல எஸ்ரா புல்புல்னு ஒரு அம்மா, கூட ஆளுகளோட, 73 கூட்டத்த ஒண்ணா சேத்துப் பாக்கையில 3.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்ரேயோட சக்திய அளக்குற அளவு) கிட்ட, எந்தக் கணக்குலயும் வராத ஒரு சின்ன மேடு கிராஃப்ல. ஸ்டெரைல் நியூட்ரினோன்னு இன்னும் யாரும் பாக்காத ஒரு துகள், 7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் எடையில, அது உடைஞ்சு அதுல பாதி சக்தி எக்ஸ்ரேயா வருது, அந்தத் துகள்தான் டார்க் மேட்டரா, அதாவது கண்ணுக்குத் தெரியாம எடை மட்டும் காட்டுற பொருளா இருக்கலாம்னு ஒரே பேச்சு. அப்ப நீ கம்பத்துல பிளஸ் ஒன்.

இன்னொரு கோஷ்டி அது பொட்டாசியம் கோடுப்பான்னு சொன்னாங்கன்னியே, எனக்கு அங்கதான் சிரிப்பு. நம்ம வாழைக்கு வைக்கிற பொட்டாஷ்! அந்த மூட்டையத் தூக்கித் தூக்கியே எனக்கு இடுப்பு போச்சு, அதுக்கு வானத்துலயும் பஞ்சாயத்தா.

அப்புறம் 2016ல ஜப்பான்காரங்க ஹிட்டோமின்னு ஒரு எக்ஸ்ரே சேட்டிலைட்ட விட்டாங்க, ஒன்றரை மாசத்துக்குள்ள கண்ணாபின்னான்னு சுத்தி உடைஞ்சிருச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே பெர்சியஸ பாத்துருச்சு, சொன்ன அளவுக்கு அங்க மேடு இல்ல. இப்ப அதுக்குப் பதிலா 2023ல விட்ட எக்ஸ்ரிசம் சேட்டிலைட் டேட்டால நீ தேடுன, உனக்கும் இல்ல.

2017 வறட்சியில மேக்காட்டுல போர் போட்டமே ஞாபகம் இருக்கா. நீரோட்டம் பாக்க ரெண்டு பேரு தனித்தனியா வந்தாங்க, ரெண்டு பேரு கையிலயும் ஒரே எடத்துல தேங்கா எந்திரிச்சு நின்னுச்சு, கண்ணால பாத்தேன். 700 அடி எறக்குனோம். வெறும் புழுதி, வண்டிக்காரன் முகமெல்லாம் வெள்ளையா நிக்கிறான், அம்மா வளையலு போச்சு. அன்னைக்கி எவனாச்சும் வந்து அண்ணே இங்க தண்ணி இல்ல எறக்காதீங்கன்னு சொல்லியிருந்தா அவன் காலத் தொட்டு கும்பிட்டிருப்பேன். நீ பாக்குறது அந்த வேலைதான்னு நேத்து குமுளி பஸ்ஸுல போகையிலதான் மண்டைல ஏறுச்சு.

மேல டீக்கடைல சேட்டன் வழக்கம்போல "மோள் கண்டுபிடிச்சோ?"ன்னாரு. அந்த மேடு இல்லன்னு கண்டுபிடிச்சிருக்கான்னேன். அப்ப டார்க் மேட்டரே பொய்யான்னாரு. இல்ல சேட்டா, 1933லயே ஸ்விக்கின்னு ஒருத்தர் கோமா கூட்டத்துல கேலக்ஸி எல்லாம் ஓடுற வேகத்த பாத்து, கண்ணுக்குத் தெரியுற எடை இதுகள இழுத்துப் பிடிக்கப் பத்தாதுன்னு சொல்லிட்டாரு, எடை இருக்கு, ஆளு யாருன்னுதான் தெரியலன்னேன். டீக்கு காசு வாங்கல.

அம்மா ஏலக்கா அரைக்கிலோ பார்சல் போட்டிருக்கா. மேடு இல்லாத அந்த கிராஃப் படத்த எனக்கு அனுப்பு. அம்மா நம்பருக்கு அனுப்பாத, என் நம்பருக்கு.

அப்பா