அந்தப் புற்று அங்கே ஏது?

ஆத்தா,

நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பின போட்டோவைப் பார்த்தேன். ஓக் மரத்தடிச் சருகுக்குள்ளே வெள்ளையாய், சின்னதாய் நிற்கிறதே, அதைப் பறித்துச் சமைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். நம்ம ஊர்க் காளான் மாதிரியே இருக்கிறது என்கிறாய் பார், அதுதான் எனக்குப் பயம்.

உன் அப்பத்தா காளான் எடுத்தது அய்யனார் கோவில் காட்டில், அதுவும் ஒரே ஒரு கரையான் புற்றைச் சுற்றித்தான். புரட்டாசி மழை இறங்கின மறுநாள் விடிவதற்குள் போகணும், வெயில் ஏறினால் வாடிப் புழு வைத்துவிடும். சுண்டுவிரல் நகமளவு குடை, நடுவில் சின்னக் கூர், செம்மண்ணில் அரிசியை இறைத்தது போல நூற்றுக்கணக்கில் கிடக்கும். மண் போக ஏழு தண்ணியில் அலசி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வதக்கினால், சரி, அதை இப்போது ஏன் சொல்வானேன்.

அது வெறும் மண்ணில் முளைப்பதில்லை. கரையான் மென்ற மரத்தைப் புற்றுக்குள்ளே பஞ்சு மாதிரி அடுக்கி, அதில் இந்தப் பூசணத்தை வளர்க்கும்; பூசணம் மரத்தைப் பக்குவப்படுத்தின பிறகுதான் தின்னும். அந்த அடுக்கைத் துண்டு துண்டாக வெளியே கொண்டுவந்து போடுகிறதில்லையா, அதிலிருந்து கிளம்புவதுதான் நம்ம காளான். 1942-ல் ரோஜர் ஹைம் என்ற பிரெஞ்சுக்காரர் இந்த வகைக்கு டெர்மிட்டோமைசஸ் என்று பெயர் வைத்தார், கரையானை வைத்துத்தான். காரைக்குடியில் பாக்கெட்டில் விற்கிற மொட்டுக் காளான் வேறு சாதி.

ஜெர்மனிக் காட்டில் அந்தக் கரையானே கிடையாது. அங்கே ஓக் வேரோடு ஒட்டி வளர்கிற டெத் கேப் என்று ஒரு விஷக் காளான் இருக்கிறது, குடை இளம்பச்சை, சிலது வெள்ளையாகவும் வரும், அடித்தண்டில் உடைந்த முட்டை ஓடு மாதிரி ஒரு உறை. தின்று 6 மணி நேரம், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட ஒன்றும் தெரியாது. அப்புறம் வாந்தி, பேதி. அது அடங்கி ஆள் தேறின மாதிரி இருக்கும்போதே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

அப்பத்தா பூண்டு போட்டுப் பார்ப்பாரே, கறுக்காவிட்டால் நல்ல காளான் என்று, அதை நம்பாதே. விஷக் காளானிலும் பூண்டு வெள்ளையாகவே கிடக்கும். அவர் சமைத்ததில் தப்பு வராததற்கு, அந்தப் புற்றடியைத் தவிர வேறெங்கும் கை வைக்காததுதான் காரணம்.

போன வருஷம் பாதை போட வந்த ஜேசிபி புற்றில் பாதியைச் சாய்த்துவிட்டது. இந்த மழைக்கு மறுபக்கத்தில் இரண்டு கைப்பிடி தேறியது. புரட்டாசியில் லீவு கிடைக்குமா என்று கேட்டுச் சொல்.

அப்பச்சி