பெண்கள் கூடிப் பேசும் இடத்தில் ஒரு காமிரா

திருச்சி

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மாமியாருக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. இப்போது தினசரியில் வரி விளம்பரத்தைக்கூட விடாமல் வாசிக்கிறார். மற்ற வீட்டுச் சேதியெல்லாம் போனில் பேசுவோம். உன் கடிதத்தின் கடைசிப் பத்திக்குத்தான் உட்கார்ந்து பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

உன் சின்னவள் விஸ்காம் முடித்துவிட்டு, சீரியல் கம்பெனி வேலை வேண்டாம், பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். "இதெல்லாம் ஒரு தொழிலாடி, இதை நம்பி ஒருத்தி காலந்தள்ள முடியுமா?" என்று நீ கேட்டிருக்கிறாய். தாயாக நீ கேட்பது நியாயம்தான். அவளுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் நாற்பது வருடத்துக்கும் மேலாக இதையே செய்துவரும் ஒருவரின் படங்களை நான் கொஞ்ச காலமாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தீபா தன்ராஜ். 1953இல் ஹைதராபாத்தில் பிறந்தவர், பெங்களூரில் இருப்பவர். அவரைப் பற்றிச் சொல்கிறேன், நீயும் அவளும் சேர்ந்து படியுங்கள்.

1980ஐ நினைத்துப் பார். எமர்ஜென்சி முடிந்து மூன்று வருடம். மதுரா வழக்கில், காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிப் பெண்ணைச் சீரழித்த போலீஸ்காரர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்து ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தத் தீர்ப்பைக் கண்டித்து நான்கு சட்டப் பேராசிரியர்கள் திறந்த மடல் எழுத, நாடு முழுக்கப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சூட்டில்தான் தீபா, அபா பையா, மீரா ராவ், நவ்ரோஸ் கான்ட்ராக்டர் நால்வரும் சேர்ந்து 'யுகாந்தர்' என்ற திரைப்படக் குழுவைத் தொடங்கினார்கள். நவ்ரோஸ், இயக்குநர் மணி கௌலின் 'துவிதா' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், தீபாவின் கணவர்.

மூன்று வருடத்தில் நான்கு படம். 'மோல்கரின்' புனேயில் வீட்டுவேலை செய்யும் பெண்களின் வேலைநிறுத்தத்தையும் சங்கத்தையும் பற்றியது. அடுத்தது நிப்பாணி. பெல்காம் பக்கம், புகையிலைக்குப் பேர்போன ஊர். அங்கே ஆலைகளில் வேலை பார்த்த பெண்களோடு நான்கு மாதம் இருந்து எடுத்த படம் 'தம்பாகூ சாகிலா ஓப் ஆலி'. மூன்றாவது, ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடனா என்ற அமைப்பின் பெண்களோடு சேர்ந்து தெலுங்கில் உருவாக்கிய 'இதி கதா மாத்ரமேனா'. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைச் சொல்லும் சின்னக் கதைப்படம். நான்காவது 'சுதேஷா', இமயமலை அடிவாரத்தில் மரங்களை வெட்டவிடாமல் காத்த சிப்கோ இயக்கத்தில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றி.

நிப்பாணிப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அதுவரை யாரும் படம் பிடிக்காத ஆலைகள் அவை. புகையிலைத் தூசி மண்டிய கொட்டகைக்குள் பெண்கள் வேலை செய்வதைக் காட்டுகிறது காமிரா. அது போதும் என்று பலர் திரும்பி வந்திருப்பார்கள். 'பாவம்' என்று நாமும் பார்த்துவிட்டு மறந்திருப்போம். இந்தப் படம் அங்கிருந்து வெளியே வந்து, அதே பெண்கள் கூட்டம் போட்டுப் பேசும் இடத்தில் போய் உட்காருகிறது. சங்கம் எப்படிக் கட்டுவது, வேலைநிறுத்தம் என்று வந்தால் யார் எப்படி நிற்பது என்று அவர்கள் பேசிப் பேசி முடிவெடுக்கிறார்கள். ஒரு பெண் கஷ்டப்படுவதைக் காட்டுவது சுலபம். அவள் யோசிப்பதை, பக்கத்தில் இருப்பவளோடு வாதாடுவதை, பயத்தை விழுங்கிவிட்டுக் கை தூக்குவதைக் காட்ட அந்த இடத்தில் நாளெல்லாம் இருக்க வேண்டும். நான்கு மாதம் அதற்குத்தான்.

அவருடைய பிற்காலப் படங்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. எங்கே போனாலும் பெண்கள் கூடி உட்காரும் இடத்தைத் தேடிப் போகிறார். கர்நாடகத்தில் ஊராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்களைப் பற்றி 1995இல் ஒரு படம். குஜராத்தில் மஹிளா சமாக்யா என்ற பெண்கள் கல்வித் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் நடத்திய 'நாரி அதாலத்', அதாவது பெண்கள் வழக்கு மன்றம், பற்றி 2000இல் ஒரு படம். பிறகு நம் புதுக்கோட்டை. சங்கம், ஊராட்சி, வழக்கு மன்றம், ஜமாத் என்று பெண்கள் தங்களுக்கு என்று ஒரு சபை கூட்டிக்கொள்ளும் வரலாற்றையே இவர் படத்துக்குப் படம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

புதுக்கோட்டை என்றதும் உனக்கு அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஞாபகம் வந்திருக்கும். நாம் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போன அதே மாவட்டத்தில்தான் ஷரீபா கானம் 2004இல் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத்தைத் தொடங்கினார். நீ பிறகு கோவைக்குப் போய்விட்டாய், அது பட்ட பாட்டை அருகில் இருந்து பார்த்திருக்க மாட்டாய். வழக்கமான ஜமாத்தில் ஆண்கள் மட்டும்தான் உட்காருவார்கள். தலாக், ஜீவனாம்சம், வரதட்சணை, அடிதடி என்று எந்தப் பெண்ணின் பிரச்சினையாக இருந்தாலும் அவள் உள்ளே வந்து தன் வாயால் சொல்ல முடியாது. அவளுக்காக அப்பாவோ அண்ணனோ பேசுவார். தீர்ப்பு வீட்டுக்கு வரும். பெண்கள் ஜமாத்தில் அவளே வந்து உட்கார்ந்து சொல்கிறாள். தீபாவின் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' 2011இல் வந்தபோது அந்த ஜமாத் 12 மாவட்டங்களில் 12,000 உறுப்பினர்களோடு வளர்ந்திருந்தது. 8,000 வழக்குகளுக்கு மேல் தீர்த்து வைத்திருந்தது.

படம் முழுக்க நம் ஊர்ப் பேச்சு. குரானில் என்ன சொல்லியிருக்கிறது, ஊர் ஜமாத் எப்படித் தீர்ப்புச் சொன்னது, காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் எப்படி அலைக்கழிப்பார்கள் என்று எல்லாவற்றையும் அந்தப் பெண்கள் அலசுகிறார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் முகத்துக்கு முகம் கேள்வி கேட்கிறார்கள். முத்தலாக் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் சொன்னது. சட்டம் 2019இல் வந்தது. அந்த நாட்களில் தொலைக்காட்சியைத் திறந்தாலே விவாதம் நடந்தது. அந்தப் பெண்களைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அவர்களைப் பேசவிட்டவர்கள் குறைவு. அவர்கள் தங்கள் சண்டையைத் தாங்களே எத்தனையோ வருடத்துக்கு முன் தொடங்கிவிட்டதற்கு இந்தப் படம் சாட்சி. நம் மாவட்டத்துக் கதை என்பதால் சொல்லவில்லை. உன் மகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது 1991இல் வந்த 'சம்திங் லைக் எ வார்'. பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சிக்காக எடுத்தது. நம் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைப் பற்றியது. 1952இல், உலகிலேயே முதல் நாடாக, நாம் இந்தத் திட்டத்தைத் தொடங்கினோம். எமர்ஜென்சியில் 1976-77 என்ற ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்தக் கோபத்தில் ஆட்சியே கவிழ்ந்தது. அதற்குப் பிறகு அரசுகள் ஆண்கள் பக்கம் போகத் தயங்கின, பாரம் பெரும்பாலும் பெண்கள் மேல் இறங்கியது. படத்தில் ஒரு முகாம் வருகிறது. வரிசையாகப் பெண்கள். வயிற்றுக்குள் விட்டு அறுவை செய்யும் லேப்ராஸ்கோப் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவர் தன் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டே அடுத்தவளுக்குப் போகிறார். மேசையில் படுத்திருப்பவளின் முகத்தை அவர் பார்ப்பதே இல்லை. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே படத்தில் இன்னொரு இடத்தில் கிராமத்துப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து தங்கள் உடம்பைப் பற்றி, ஆசையைப் பற்றி, பிள்ளைப்பேற்றைப் பற்றிக் கூச்சம் விட்டுப் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். இங்கேயும் பார், ஒரு கூட்டம்.

பழைய கதை என்று நினைக்காதே. 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஒரு மருத்துவர் அறுவை செய்தார். அங்கும் அதை ஒட்டி நடந்த முகாம்களிலுமாகப் பதின்மூன்று பெண்கள் செத்துப்போனார்கள். 2016இல்தான் உச்ச நீதிமன்றம் இப்படி முகாம் போடுவதை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தச் சொன்னது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். நம் தமிழ்நாட்டில் பெண்கள் கணக்கு பாதியைத் தாண்டிவிட்டது. நம்மோடு வேலை பார்த்தவர்களில் எத்தனை பேர் "அவருக்கு வேண்டாம், வேலைக்குப் போகிறவர்" என்று சொல்லித் தான் போய்ப் படுத்தார்கள்! அந்த வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் அரசையும் வீட்டையும் ஒரே படத்தில் வைத்துக் காட்டியதால்தான் இதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறேன்.

அவர் பெண்கள் பிரச்சினை ஒன்றையே எடுத்தவர் என்றும் நினைத்துவிடாதே. 1984 ஹைதராபாத் கலவரத்தைப் பற்றி 'க்யா ஹுவா இஸ் ஷஹர் கோ' எடுத்தார். தலித் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா 2016 ஜனவரியில் இறந்த பிறகு ஹைதராபாத் பல்கலைக்கழக மாணவர்களோடு இருந்து 2018இல் 'வீ ஹேவ் நாட் கம் ஹியர் டு டை' எடுத்தார்.

போன மாதம் எங்கள் சங்கத்தில் 'மோல்கரின்' போட்டோம். வீட்டுவேலை செய்யும் பெண்கள்தான் அதிகம் வந்திருந்தார்கள். மராத்திப் படம், கீழே ஆங்கில எழுத்து. நான் பக்கத்தில் நின்று வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் நான் சொல்வதற்கு முன்பே அவர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று திரையில் ஒருத்தி சொல்ல வாயெடுத்ததும், "பிடிச்சிருப்பாளே, மகராசி" என்று பின்னாலிருந்து ஒரு அக்கா. படம் முடிந்ததும் அவரே எழுந்து, "இது எந்த வருஷம் எடுத்தது?" என்று கேட்டார். 1981 என்றேன். "நான் அப்ப பாவாடை கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னும் நமக்கு வார லீவு வரலையே?" என்றார். இங்கே வீட்டுவேலைத் தொழிலாளர் நலவாரியம் 2007இல் வந்தது, 2018இல் குறைந்தபட்சக் கூலியும் அறிவித்தார்கள். அன்று வந்தவர்களில் பாதிப் பேரிடம் வாரிய அட்டை இல்லை. அடுத்த ஞாயிறே பதிவுக்கு நாள் குறித்துவிட்டோம். கலா, ஒரு படம் வேறென்ன செய்ய வேண்டும்?

சரி, பணத்துக்கு வருகிறேன். பெரிய வசூல் எதுவும் கிடையாது. ஆவணப்படத்துக்குத் தியேட்டர் கிடைப்பதே அபூர்வம். வெளிநாட்டுத் தொலைக்காட்சி, அறக்கட்டளை உதவி, பொதுச் சேவை ஒளிபரப்புக்கான அமைப்புகள் என்று ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். இடையில் பயிற்சிப் படம், பாடம் நடத்துவது என்று பல கை வேலை பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் ஓட்டுகிறார்கள். பொதுவில் திரையிட வேண்டுமானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2004 மும்பை ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் அதைக் கட்டாயமாக்கியபோது இயக்குநர்கள் ஒன்றுசேர்ந்து 'விகல்ப்' என்று தனி விழாவே நடத்தினார்கள். அங்கீகாரமும் மெதுவாகத்தான் வரும். கேரளத்தின் ஆவணப்பட விழாவில் தீபாவுக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தது 2023இல். அதே ஆண்டு ஜூனில்தான் நவ்ரோஸ் ஓசூர் அருகே சாலை விபத்தில் போனார். யுகாந்தர் படங்களை பெர்லினில் உள்ள ஆர்சனல் நிறுவனம் மீட்டெடுத்து டிஜிட்டலாக்கியதும் சமீப வருடங்களில்தான்; அதனால்தான் நம் கைக்கும் கிடைத்தது.

ஆகவே அவளைத் தடுக்காதே. ஆனால் இரண்டு விஷயம் கேள். தனியாகப் போகிறாளா, கூட்டாளிகள் இருக்கிறார்களா? தீபாவும் கூட்டாளிகளும் நான்கு பேராகத் தொடங்கினார்கள். ஒளிப்பதிவும் ஒலியும் தெரிந்த தோழிகள் இரண்டு பேர் சேர்ந்தாலே செலவு பாதியாகும், தைரியம் இரட்டிப்பாகும். அடுத்து, எந்தப் பெண்களைப் பற்றி எடுக்கப் போகிறாளோ அவர்களோடு காமிரா இல்லாமல் ஆறு மாதமாவது இருக்கத் தயாரா என்று கேள். தயார் என்றால் வருகிற தை மாதம் இங்கே அனுப்பு. எங்கள் சங்கக் கூட்டங்களுக்குக் கூட்டிப்போகிறேன், நோட்டும் பேனாவும் எடுத்து வரட்டும். புதுக்கோட்டைக்கும் ஒரு நடை போய்வரலாம். மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

உனக்கும் முட்டி ஒத்துழைத்தால் அவளோடு வந்துவிடு. ரயிலில் கீழ் படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய்யச் சொல். வரும்போது உன் கை நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில்; மாமியார் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
உன் தேவி