கிட்டார் எங்கே என்று கேட்பதற்கு முன்

தம்பி,

நேற்று இரவு நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "லிங்கின் பார்க் கடைசியில் பொப் பாட்டுப் போட்டு நாசமாய்ப் போன மாதிரி நாங்களும் போகணுமா அக்கா?" என்று கேட்டிருந்தாய். உங்கள் பேண்டுக்குள் நடக்கிற சண்டைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த அமெரிக்க ராக் பேண்டின் ஒன் மோர் லைட் அல்பத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நீ அதை முழுதாகக் கேட்காமலே தீர்ப்புச் சொல்கிறாய் என்பது உன் பேச்சிலேயே தெரிகிறது. பதிலை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதே வசனத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒன் மோர் லைட் வெளியானது 2017 மே 19ஆம் திகதி. மோடி நோர்வூட்டுக்கு வந்துபோன அடுத்த கிழமை. தோட்டத்தில் எல்லோரும் அவர் அறிவித்த பத்தாயிரம் வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் கொஞ்சப் பேர் மட்டும் லிங்கின் பார்க் பாடகர் செஸ்டர் பென்னிங்டனுக்கு என்ன ஆனது என்று பேசிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அந்த பேண்ட் எப்படி வந்து சேர்ந்தது என்பது உனக்குத் தெரியாது. அவர்களுடைய முதல் இரண்டு அல்பங்களான ஹைப்ரிட் தியரியும் மெட்டியோராவும் டவுனில் கொமியூனிகேஷன் கடையில் மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்தவை; கார்டைப் போனில் போட்டு ஓடவிட்டால் முருகன் பாட்டுக்கும் விஜய் படப் பாட்டுக்கும் நடுவில் செஸ்டர் திடீரென்று கத்துவார், லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு ஆச்சி சுவரைத் தட்டுவார். அந்தக் கத்தல் எங்களுக்கு வேண்டியிருந்தது. எங்களால் யாரிடமும் கத்த முடியாததை அவர் கத்தினார். அதனால் ஒன் மோர் லைட்டின் ஹெவி பாட்டு 2017 பெப்ரவரியில் வந்தபோது, கியாரா என்ற இளம் பாடகியோடு அவர் மெதுவாகப் பாடுகிறதைக் கேட்டு எங்கள் கூட்டத்தில் பலருக்கு ஏமாற்றம். அது நியாயமான ஏமாற்றம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏமாற்றம் ஒன்று, "காசுக்காக விலைபோய்விட்டார்கள்" என்கிற குற்றச்சாட்டு வேறொன்று.

அந்த அல்பம் எப்படி உருவானது என்று பார். அதுவரைக்கும் பெரும்பாலும் இசையை முதலில் கட்டிக்கொண்டு, வரிகளைப் பிறகு அதன் மேல் ஏற்றுவதுதான் அவர்களுடைய வழக்கம். இந்த முறை அதைத் தலைகீழாக்கினார்கள். முதலில் சொல்லும் மெட்டும், அது தனியாக நின்றால்தான் மற்றதெல்லாம். தயாரிப்பு பேண்டிலேயே இருக்கிற மைக் ஷினோடாவும் கிட்டார் வாசிக்கிற பிராட் டெல்சனும்தான், பாட்டு எழுத மட்டும் வெளியாட்களைச் சேர்த்துக்கொண்டார்கள்: ஜூலியா மைக்கேல்ஸ், ஜஸ்டின் டிரான்டர், எக் வைட் போன்றவர்கள், பொப் உலகத்தில் எழுதியே பெயர் எடுத்தவர்கள். இதைத்தான் ரசிகர்கள் பெரிய துரோகமாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் இதற்கு முந்தைய அல்பமான த ஹன்டிங் பார்ட்டி, 2014இல் வந்தது, முழுக்க முழுக்கக் கிட்டார் இரைச்சல். அடித்து வாசிக்கத் தெரியாமலோ மறந்துபோயோ அவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. 2010இல் எ தௌசண்ட் சன்ஸ் வந்தபோதும் இதே கூச்சல்தான், இன்றைக்கு அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களில் நீயும் ஒருவன்.

ஹெவி பிறந்த கதையை ஷினோடா சொல்லியிருக்கிறார். செஸ்டர் ஒருநாள் ஸ்டூடியோவுக்குள் வருகிறார், எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள், நல்லாத்தான் இருக்கிறேன் என்கிறார். கொஞ்ச நேரத்தில், இல்லை, நல்லா இல்லை, எல்லாம் ஒரேயடியாகத் தலைமேல் வந்து நிற்கிறது என்கிறார். அந்தப் பேச்சிலிருந்துதான் பாட்டு வந்தது. கணக்குப் பார்த்து எழுதிய பாட்டு இப்படிப் பிறக்காது. டோக்கிங் டு மைசெல்ஃப் என்ற பாட்டு செஸ்டருடைய மனைவியின் பக்கமிருந்து எழுதியது, போதையோடும் மனதோடும் மல்லுக்கட்டுகிற ஒருவனிடம் பேசிப் பார்த்து அலுத்துப்போகிற ஒரு பெண்ணின் குரல். இதை ஒரு குடிகாரத் தகப்பன் இருந்த எந்த வீட்டிலும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தலைப்புப் பாட்டுக்கு வருகிறேன். அவர்களுடைய இசை நிறுவனத்தில் நீண்ட காலம் கூடவே வேலை செய்த ஒரு தோழி புற்றுநோயில் இறந்துபோனார், அந்தத் துக்கத்தில் ஷினோடாவும் எக் வைட்டும் எழுதியது. ஹெட்போன் போட்டுக்கொண்டு கேள், பஸ்ஸில் போகும்போது கேட்காதே. டெல்சனின் கிட்டார் அதில் இருக்கிறது, டிஸ்டோர்ஷன் என்கிற அந்தக் கரகரப்பு இல்லாமல், ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் நிறைய இடம் விட்டு. ட்ரம்ஸ் அடித்துத் தள்ளுகிற இடமே இல்லை. செஸ்டர் ஓங்கிக் கத்தக்கூடிய இடங்கள் வருகின்றன, ஒன்றில்கூட அவர் கத்தவில்லை. அந்தத் தொண்டைக்கு அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உனக்குத் தெரியும், நீயும் மேடையில் பாடுகிறவன்தானே. அல்பம் வெளிவருவதற்கு முதல் நாள் ராக் பாடகர் கிறிஸ் கோர்னெல் இறந்த செய்தி வந்தது. செஸ்டரின் நெருங்கிய நண்பர். அன்றைக்கு ஜிம்மி கிம்மெல் டிவி நிகழ்ச்சியில் ஹெவி பாட இருந்தவர்கள் அதை விட்டுவிட்டு இந்தப் பாட்டைப் பாடினார்கள். அந்த வீடியோவில் செஸ்டர் நிற்கிறதைப் பார்த்த பிறகும் ஒருவர் இந்த அல்பத்தை வியாபாரம் என்று சொன்னால் அவரோடு எனக்கு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஆனால் சொன்னார்கள். அல்பம் அமெரிக்காவில் பில்போர்ட் பட்டியலில் முதலிடத்தில்தான் இறங்கியது, முதல் கிழமை விற்பனைக் கணக்கு ஏறக்குறைய 111,000. விமர்சகர்கள் கொடுத்த புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி போடுகிற மெட்டாகிரிட்டிக்கில் நூற்றுக்கு 46. ஜூனில் பிரான்சில் ஹெல்ஃபெஸ்ட் இசைவிழா மேடையில், ஆயிரக்கணக்கான மெட்டல் ரசிகர்களுக்கு முன்னால், ஹெவி பாடும்போது சனம் கூச்சலிட்டு பொருட்களை வீசியது. செஸ்டரும் சும்மா இருக்கவில்லை. பாட்டுப் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் விருப்பம், காசுக்காகச் செய்தோம் என்று சொல்கிறவனோடு மட்டும் வெளியே வந்து அடிதடிக்கே தயார் என்ற அர்த்தத்தில் பேட்டி கொடுத்தார். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது. உள்ளதை எடுத்து வெளியே வைக்கிறவனிடம் "இது எவ்வளவுக்கு?" என்று கேட்டால் வேறு என்ன வரும்?

ஜூலை 20. அன்றைக்குக் காலையில் டோக்கிங் டு மைசெல்ஃப் வீடியோ வந்தது, அன்றைக்கே செஸ்டர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற செய்தியும் வந்தது. 41 வயது.

அதற்குப் பிறகு நடந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. மே மாதம் திட்டியவர்களே ஓகஸ்ட்டில் அந்த அல்பத்தைக் கண்ணீரோடு பகிர்ந்தார்கள், ஒவ்வொரு வரியையும் ஒரு கடைசிக் கடிதம் மாதிரிப் படித்தார்கள். அதுவும் பாட்டைக் கேட்பது ஆகாது. இரங்கல் வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்பதற்காக எல்லாப் பாட்டும் நல்ல பாட்டாகிவிடாது. என்னைக் கேட்டால் குட் குட்பை அந்த அல்பத்தில் இருக்கவே வேண்டியதில்லை, பேட்டில் சிம்பொனி கேட்டு முடித்த கையோடு மறந்துபோகிறது, குரலைத் துண்டு துண்டாக வெட்டிச் சுரம் மாற்றி ஒட்டுகிற அந்தக் காலத்து வித்தையைத் தேவைக்கு மேல் பயன்படுத்தியிருக்கிறார்கள். பத்துப் பாட்டு, 35 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது, அதிலும் இரண்டு மூன்றைக் குறைத்திருக்கலாம். ஆனால் நோபடி கேன் சேவ் மீ, தலைப்புப் பாட்டு, கடைசியில் வெறும் கிட்டாரோடு தொடங்குகிற ஷார்ப் எட்ஜஸ், இவை அந்த பேண்ட் எழுதிய மிகச் சிறந்த பாட்டுகளின் வரிசையில் வரும். செஸ்டர் இன்றைக்கு உயிரோடு இருந்திருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

பொப் என்றாலே உனக்குக் கீழானது. யாரிடம் சொல்கிறாய்? பொப்பிசை என்று தமிழில் ஒரு தனிப் பெயரே வைத்துக்கொண்ட நாடு இது. நித்தி கனகரத்தினத்தின் சின்ன மாமியே ஓடாமல் நம் வீட்டுக் கல்யாணம் ஏதாவது முடிந்திருக்கிறதா? சரி, அது கொண்டாட்டப் பாட்டு என்பாய். அப்படியானால் மீனாட்சியம்மாளைப் பார். தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்த கோ. நடேசய்யரின் மனைவி. தோட்டத் தொழிலாளரின் நிலைமையை, அடக்குமுறையை, உரிமையைப் பாட்டாக எழுதி, கூட்டம் கூட்டமாகப் போய்ப் பாடினார், 1940 அளவில் அவை சிறு புத்தகமாகவும் வந்தன. எந்த மெட்டில் பாடினார்? சனத்தின் வாயில் ஏற்கெனவே இருந்த மெட்டுகளில். கொழுந்து பறிக்கிற பெண்ணும் கேட்டவுடன் கூடப் பாட வேண்டும் என்பதற்காக. பாட்டு சுலபமாக இருந்தது, சொன்ன விஷயம் சுலபமானதல்ல. நம் மலையில் பாட்டை அரசியலுக்கு எடுத்துக்கொண்டவர்களில் முன்னால் நிற்கிறவர் அப்படித்தான் செய்தார், அவரை யாரும் விலைபோனவர் என்று சொல்லவில்லை.

இப்போது உங்கள் சண்டை. உங்கள் பேஸ் கிட்டார் பையன் எழுதிக்கொண்டு வந்த பாட்டை நீ எனக்கு அனுப்பியது கேலி செய்யத்தான் என்று தெரியும். அவனுடைய அம்மா குவைத்துக்குப் போய்விட்ட வீட்டில் இருந்து வருகிறவன் அவன். அம்மா வீடியோ கோல் எடுக்கும்போது அவருக்குப் பின்னால் தெரிகிற அந்த ஒரு சுவரை மட்டும் தனக்கு நன்றாகத் தெரியும், அந்த வீட்டில் வேறு எதுவும் தெரியாது என்று இரண்டாவது சரணத்தில் எழுதியிருக்கிறானே, அந்த இடத்தில் நான் நிறுத்தி மறுபடி கேட்டேன். நீ சொன்னதெல்லாம் "சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு, ரிஃப் எங்கே" என்பதுதான், கிட்டாரில் திரும்பத் திரும்ப அடிக்கிற அந்தத் துண்டு. ஹெல்ஃபெஸ்டில் கூச்சல் போட்டவர்களும் அதைத்தான் கேட்டார்கள், தம்பி. அவன் சொல்லை முதலில் கொண்டு வந்திருக்கிறான், நீங்கள் இன்னும் இசைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸில் ஒரு தரம் இப்படி வாசித்துப் பாருங்கள். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற பெடலைக் கழற்றி வை. நீ இப்போது வாசிக்கிற பவர் கோர்டுகளை விட்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டு, ட்ரம்ஸ் இரண்டாவது சரணம் முடியும் வரைக்கும் வேண்டவே வேண்டாம். பாடப்போவது நீ இல்லை, அவன். குரல் சரியில்லை என்று சொல்வாய், பரவாயில்லை, அவனையே பாட விடு. போனில் பதிந்து அப்படியே எனக்கு அனுப்பு, வெட்டி ஒட்டி அழகு பண்ணாதே. கேட்டுவிட்டு நன்றாக இல்லை என்றால் நன்றாக இல்லை என்று அவனிடம் நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அக்கா